பச்சைத் தேயிலையும் வாய்ப் புற்றுநோய் செல்களும்: தட்டில் கொன்றது எது?

ஒரு தாவரச் சாறு வாய்ப் புற்றுநோய் செல்களைக் கொன்றது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னால், நான் முடிவுரைக்குப் போவதில்லை. நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போவேன். எந்த செல்லில் செய்தார்கள், எந்த ஊடகத்தில் (செல்லுக்கு உணவாகும் திரவத்தில்) வளர்த்தார்கள், கேட்டலேஸ் என்ற நொதியைச் சேர்த்து ஒருமுறை பார்த்தார்களா? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் இல்லாத கட்டுரைகள் ஏராளம். மூன்றாவது கேள்வி சிலருக்குப் புதிதாக இருக்கலாம். இங்கே நான் எழுதுவதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

எடுத்துக்கொண்ட உதாரணம் பச்சைத் தேயிலைச் சாறு. குறிப்பாக அதில் உள்ள எபிகேலோகேட்டச்சின் கேலேட் என்ற பொருள். ஆய்வகப் பேச்சில் ஈஜிசிஜி. வாய்ப் புற்றுநோய்க்கு எதிராகச் சோதிக்கப்பட்ட பெரும்பாலான தாவரச் சாறுகளின் கதை ஆய்வகத்தில் செல் வளர்க்கும் தட்டோடு முடிந்துவிடுகிறது. இது அப்படியல்ல. தட்டிலிருந்து உமிழ்நீருக்கும், அங்கிருந்து நோயாளிக்கும் போன பாதை முழுக்கப் பதிவாகியிருக்கிறது. எங்கே கால் இடறியது என்பதும் அதிலேயே தெரிகிறது.

வாய்ப் புற்றுநோய் சிறிய பிரச்சினையல்ல. 2022-க்கான உலகக் கணக்கீட்டில் உதடு, வாய்க்குழிப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 3.9 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 1.9 லட்சம் பேர். இவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செதிள் செல் புற்றுநோய், அதாவது வாயின் உள்தோலில் தொடங்கும் வகை. தாவரத்திலிருந்து இதற்கு மருந்து கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறும் இல்லை. பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962-இல் சேகரிக்கப்பட்டது. அதிலிருந்த பாக்லிடாக்சலின் வேதி அமைப்பு 1971-இல் வெளியானது. 1992-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதே குடும்பத்து டோசிடாக்சல் இன்று தலை, கழுத்துப் புற்றுநோய்க்கே கொடுக்கப்படுகிறது. பட்டையிலிருந்து ஊசிக்கு வர 30 ஆண்டு பிடித்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

தட்டில் நடப்பது

வழக்கமான சோதனை இப்படித்தான் நடக்கும். நாக்கு அல்லது ஈறின் கட்டியிலிருந்து பிரித்து, காலவரையின்றிப் பெருகும்படி ஆக்கப்பட்ட செல்கள் ஆய்வகங்களில் உண்டு. ஒரே கட்டியிலிருந்து வந்த இத்தகைய செல்களைச் செல் வரிசை என்பார்கள். கால்27, எஸ்சிசி-9, எஸ்சிசி-25, எச்எஸ்சி-3 ஆகியவை அடிக்கடி வரும் பெயர்கள். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் குழிக்குச் சில ஆயிரம் செல்களைப் போட்டு, 37 டிகிரி வெப்பமும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் உள்ள இன்குபேட்டரில் ஒரு நாள் விட்டுவிடுவார்கள். செல்கள் தரையில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் சாற்றைப் பல அளவுகளில் சேர்ப்பார்கள். 24 மணி முதல் 72 மணி நேரம் கழித்து, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று அளப்பார்கள்.

எண்ணுவதற்குப் பதில் நிறத்தைப் பார்ப்பதுதான் சுலபம். டிம் மோஸ்மன் 1983-இல் வெளியிட்ட எம்டிடி சோதனை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எம்டிடி மஞ்சள் நிறப் பொருள். உயிருள்ள செல் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். படிகத்தைக் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று கருவி படிக்கும். ஊதா குறைந்தால் செல் குறைந்தது என்று கணக்கு. செல்களின் உயிர்ப்பைப் பாதியாக்கும் அளவுக்கு ஐசி50 என்று பெயர். கட்டுரையின் சுருக்கத்தில் பெருமையாக நிற்பது பெரும்பாலும் இந்த ஒரு எண்தான்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது எனக்குப் பாடமாக வரவில்லை, தவறாக வந்தது. ஒருமுறை கரும்பழுப்பு நிற இலைச்சாறு ஒன்றைச் சோதித்தபோது, தட்டில் ஒரு வரிசைக்குச் செல் போடவே மறந்துவிட்டேன். சாறும் ஊடகமும் மட்டும் இருந்தன. எம்டிடி சேர்த்துச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த வரிசையும் ஊதா. செல்லே இல்லாத இடத்தில் கருவி உயிர் இருப்பதாகப் படித்தது! தாவரங்களில் நிறைய இருக்கும் பாலிஃபீனால்கள் செல்லின் உதவி இல்லாமலே எம்டிடியை ஊதாவாக்கிவிடும் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். அன்றிலிருந்து செல் இல்லாத குழி இல்லாமல் தட்டு போடுவதில்லை.

ஈஜிசிஜியும் ஒரு பாலிஃபீனால்தான். அதிலும் எம்டிடி இப்படிக் குழப்பும் என்று 2010-இல் ஒரு குழு காட்டியது. புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய் செல்களில் செய்த ஒப்பீடு அது. செல்லின் ஆற்றல் பொருளான ஏடிபியின் அளவைப் பார்க்கும் சோதனையோடு ஒப்பிட்டால், எம்டிடி முறையில் ஐசி50 சுமார் இரண்டு மடங்கு அதிகமாக வந்தது. உண்மையில் இறந்ததைவிடக் குறைவாகவே இறந்ததாக எம்டிடி சொல்லியிருக்கிறது. பிழை என்றால் எப்போதும் ஆய்வாளருக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இங்கே அது சாற்றுக்கு எதிராக வேலை செய்தது.

செல் யாருடையது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாவரச் சாறு கட்டுரைகளில் "வாய்ப் புற்றுநோய் செல்" என்று கேபி என்ற செல் வரிசை இன்றும் வருகிறது. 1950-களில் வாயின் அடித்தளக் கட்டியிலிருந்து எடுத்ததாகப் பதிவான வரிசை அது. பிறகு நொதிச் சோதனையும் மரபணுச் சோதனையும் செய்தபோது அது ஹீலா செல் என்று தெரிந்தது. ஹீலா என்பது 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்தது. எதையும் மிஞ்சி வளரும் குணம் கொண்டது; ஒரு துளி தவறி விழுந்தால் போதும், பக்கத்துக் குடுவையைப் பிடித்துவிடும். பல செல் வரிசைகளில் ஹீலா புகுந்திருக்கிறது என்று ஸ்டான்லி கார்ட்லர் 1966-லேயே அறிவித்தார். ஆகவே கேபியில் சாற்றைச் சோதித்தவர் வாயைச் சோதிக்கவில்லை. மரபணு அடையாளச் சோதனை செய்த சான்று இல்லாத கட்டுரையை நான் அதற்கு மேல் படிப்பதில்லை. கொஞ்சம் கறாரான பழக்கம்தான்.

பெராக்சைடு விவகாரம்

இனி முக்கியமான இடம். 1990-களில் ஈஜிசிஜி பல வகைப் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று கட்டுரைகள் வரிசையாக வந்தன. செல்லின் எந்தச் சமிக்ஞைப் பாதையைத் தடுக்கிறது, எந்தப் புரதத்தைக் குறைக்கிறது என்று ஒவ்வொரு குழுவும் ஒரு விளக்கம் சொன்னது. ஒரு பொருளுக்கு இத்தனை இலக்குகளா என்று சந்தேகப்பட வேண்டிய கட்டம் அது.

2000-ஆம் ஆண்டில் லாங், கிளமென்ட், ஹாலிவெல் மூவரும் செய்தது மிக எளிய சோதனை. செல்லே இல்லாத வெறும் ஊடகத்தில் தேயிலைக் கேட்டச்சின்களை (ஈஜிசிஜி இந்தக் குடும்பம்தான்) போட்டு, என்ன உண்டாகிறது என்று பார்த்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகியிருந்தது, அதுவும் சீக்கிரமாக. செல் வளர்ப்பில் மிகப் பரவலான டிஎம்இஎம் ஊடகத்தில் கணிசமாக வந்தது. வேறு சில ஊடகங்களில் குறைவாக வந்தது. காயத்தைக் கழுவப் பயன்படும் அதே பெராக்சைடுதான். போதிய அளவில் இருந்தால் எந்த செல்லையும் கொல்லும்.

நடப்பது இதுதான். ஈஜிசிஜிக்கு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் சுபாவம் உண்டு. அதனால்தான் அதற்கு ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி என்ற பெயரே வந்தது. ஆனால் ஊடகத்தின் காரத்தன்மை லேசாக அதிகம், அதில் உலோக அயனிகளின் சுவடு உண்டு, மேலே காற்றில் ஆக்சிஜன் தாராளம். அந்த நிலையில் ஈஜிசிஜி ஆக்சிஜனுக்கே எலக்ட்ரானைக் கொடுத்துத் தானும் சிதைந்து, பெராக்சைடையும் உண்டாக்கிவிடுகிறது. மெக்காய்ஸ் 5ஏ என்ற ஊடகத்தில் ஈஜிசிஜி பாதியாகக் குறைய அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்று 2002-இல் ஒரு குழு அளந்தது. 48 மணி நேரச் சோதனை என்று எழுதுகிறோம்; முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு தட்டில் ஈஜிசிஜியே அதிகம் இல்லை. இருப்பவை அதன் இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிய இரட்டைகளும் சிதைவுப் பொருள்களும் பெராக்சைடும்.

இதனால்தான் கேட்டலேஸ். இந்த நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். சாற்றோடு கேட்டலேஸையும் சேர்த்து ஒரு வரிசை போட்டால், பெராக்சைடு கொன்றதையும் மற்றது கொன்றதையும் பிரித்துப் பார்க்கலாம். கேட்டலேஸ் சேர்த்ததும் செல்கள் பிழைத்துக்கொண்டால், கொன்றது தட்டில் உண்டான பெராக்சைடு. சேர்த்தும் செத்தால் அந்தச் சாற்றில் வேறு ஏதோ இருக்கிறது. அதைத்தான் துரத்த வேண்டும். செலவும் நேரமும் அதிகம் கேட்காத சோதனை இது. ஆனாலும் பாலிஃபீனால் நிறைந்த சாறுகளைச் சோதிக்கும் பலர் இதைச் செய்வதில்லை. செய்தால் வரும் பதில் கட்டுரையையே விழுங்கிவிடக்கூடும் என்பதால் தயங்குகிறார்களா, தெரியாமல் விடுகிறார்களா? இரண்டும் உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியானால் எல்லாமே பொய்யா?

இல்லை. நான் இந்த உதாரணத்தை எடுத்ததற்குக் காரணமே இந்தத் திருப்பம்தான்.

பெராக்சைடுதான் கொல்கிறது என்றால் புற்றுநோய் செல்லும் நல்ல செல்லும் ஒரே மாதிரி சாக வேண்டும். அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஸ்டீபன் சூ குழு 2003-இல் வாய்ப் புற்றுநோய் செல்களையும் இயல்பான தோல் செல்களையும் ஒப்பிட்டது. தேயிலைப் பாலிஃபீனால் பட்டபோது புற்றுநோய் செல்களுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறியது. இயல்பான செல்களில் ஏறவில்லை.

2015-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா லாம்பர்ட் குழு இன்னும் உள்ளே போனது. எஸ்சிசி-25 என்ற நாக்குப் புற்றுநோய் செல்லையும், ஈறின் இணைப்புத் திசுவில் உள்ள இயல்பான ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜனேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சர்டுயின்-3 என்ற புரதம் உண்டு. ஈஜிசிஜி பட்டதும் புற்றுநோய் செல்லில் அது அடங்கியது. ஈறு செல்லில் கூடியது. ஒரே பொருள், ஒரு செல்லின் காவலைத் தளர்த்துகிறது, மற்றதன் காவலைப் பலப்படுத்துகிறது. ஊடகத்தில் உண்டாகும் பெராக்சைடை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

எனக்குப் புரிந்தவரை நிலைமை இது: தட்டில் நடக்கும் சாவில் ஒரு பங்கு ஊடகத்தின் வேலை, ஒரு பங்கு ஈஜிசிஜியின் வேலை. பங்கு எவ்வளவு என்பது ஊடகம், செல், அளவு, நேரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். அதனால்தான் இயல்பான செல்லோடு ஒப்பிடாமல் ஐசி50 மட்டும் தரும் கட்டுரைக்கு மதிப்பு குறைவு. ஒப்பிட்டாலும் இரண்டையும் ஒரே ஊடகத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். நல்ல செல்லை அதற்கே உரிய தனி ஊடகத்திலும், புற்றுநோய் செல்லை டிஎம்இஎம்-இலும் வளர்த்துவிட்டு, "நல்ல செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதினால், அது ஊடகங்களின் வேறுபாடாகவே இருக்கலாம். நுணுக்கமான பொறி இது. அனுபவம் உள்ளவர்களே விழுகிறார்கள்.

அளவு என்ற கேள்வி

தட்டில் வேலை செய்யும் அளவு பெரும்பாலும் பத்து முதல் நூறு மைக்ரோமோலாருக்குள் (திரவத்தில் ஒரு பொருளின் செறிவைச் சொல்லும் அலகு) இருக்கிறது. ஒருவர் இரண்டு மூன்று கோப்பை பச்சைத் தேயிலை குடித்தால் ரத்தத்தில் ஈஜிசிஜி ஒரு மைக்ரோமோலாரைத் தாண்டுவதே கடினம். குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை, உறிஞ்சியதையும் உடல் சீக்கிரம் மாற்றி வெளியே அனுப்புகிறது. ஈரலுக்கோ எலும்புக்கோ மருந்தாக நினைத்தால் கதை இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் வாய் வேறு. சாறு நேரடியாகப் படும் இடம் அது. 1999-இல் சுங் யாங் குழு தேயிலை குடித்தவர்களின் உமிழ்நீரை அளந்தது. சில நிமிடங்களில் ஈஜிசிஜி மில்லிலிட்டருக்கு 4.8 முதல் 22 மைக்ரோகிராம் வரை இருந்தது. மூலக்கூறு எடை சுமார் 458 என்று வைத்துக் கணக்குப் போட்டால் இது ஏறக்குறைய 10 முதல் 48 மைக்ரோமோலார். தட்டில் பயன்படுத்தும் அளவுக்குள் வந்துவிடுகிறது! ரத்தத்தில் இருப்பதைவிட நூறு மடங்கு வரிசையில் அதிகம். விழுங்காமல் வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் இன்னும் கூடியது.

ஒரே குறை நேரம். உமிழ்நீரில் அது பாதியாகக் குறைய 10 முதல் 20 நிமிடம்தான். உமிழ்நீரில் உள்ள எஸ்டரேஸ் நொதி அதிலிருந்து கேலேட் பகுதியை வெட்டியும்விடுகிறது. தட்டில் 48 மணி நேரம் ஊறும் செல்லுக்கும், வாயில் கால் மணி நேரம் நனையும் திசுவுக்கும் உள்ள தூரம் இது. வாய்ப் புற்றுநோய்க்குச் சாறு சோதிப்பவர்கள் 15 நிமிடம் மட்டும் சாற்றைப் பட வைத்து, கழுவிவிட்டு, அடுத்த நாள் எண்ணிப் பார்த்தால் பல ஐசி50 எண்கள் என்ன ஆகும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

இடையில் ஒன்று. அளவை ஏற்றிக்கொண்டே போனால் என்ன, இயற்கைப் பொருள்தானே என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது, ஈஜிசிஜியை மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயர்ந்தன என்று. இன்னொன்று, 2009-இல் தெற்குக் கலிபோர்னியாவில் கண்டது. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டெசோமிப் மருந்தை ஈஜிசிஜி நேரடியாகப் பிடித்துக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் ஆக்கியது, செல்லிலும் எலியிலும். சிகிச்சையில் இருப்பவர் தானாகவே சாறு மாத்திரை சேர்த்துக்கொள்வது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது.

நோயாளிகளிடம் வந்தபோது

வாயில் புற்றுநோய்க்கு முன்னால் வரக்கூடிய வெள்ளைத் தடிப்பு ஒன்று உண்டு, லியூக்கோபிளாக்கியா. எல்லாத் தடிப்பும் புற்றுநோய் ஆவதில்லை, சில ஆகும். தடுப்பு மருந்தைச் சோதிக்க இதுதான் வழக்கமான களம்.

சீனாவில் 59 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 1999-இல் வெளியானது. கலப்புத் தேயிலைத் தயாரிப்பை உள்ளுக்கும் கொடுத்தார்கள், தடிப்பின் மேலும் பூசினார்கள். ஆறு மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 37.9 சதவீதம் பேருக்குத் தடிப்பு சுருங்கியது. ஒப்பீட்டுக் குழுவில் 10 சதவீதம்.

2009-இல் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் பிளசிபோவோடு, அதாவது மருந்தில்லாத போலி கேப்சூலோடு, ஒப்பிட்ட இரண்டாம் கட்ட ஆய்வை வெளியிட்டது. பச்சைத் தேயிலைச் சாற்றைக் கேப்சூலாக, உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 500, 750, 1000 மில்லிகிராம் என்று மூன்று அளவுகளில், நாளுக்கு மூன்று வேளை, 12 வாரம் கொடுத்தார்கள். சாறு எடுத்த 28 பேரில் 14 பேருக்குத் தடிப்பு குறைந்தது. பிளசிபோ எடுத்த 11 பேரில் 2 பேருக்கு. பார்க்கப் பெரிய வித்தியாசம். ஆனால் ஆட்கள் குறைவு என்பதால் இது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற வாய்ப்பைப் புள்ளியியல் விலக்கவில்லை; பி மதிப்பு 0.09. அளவு கூடக் கூடப் பலன் கூடியது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதிக அளவுகள் இரண்டில் ஒன்றை எடுத்த 17 பேரில் 10 பேருக்குக் குறைந்தது, குறைந்த அளவு எடுத்த 11 பேரில் 4 பேருக்கு. அதிக அளவில் தூக்கமின்மையும் வயிற்றுப்போக்கும் கூடின.

திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது முன்னேற்றம் இதைவிட மங்கலாக இருந்தது: சாறு எடுத்தவர்களில் 21.4 சதவீதம், பிளசிபோ எடுத்தவர்களில் 9.1. கண்ணுக்குத் தடிப்பு சுருங்கியதாகத் தெரிவதும், உள்ளே செல்கள் திருந்துவதும் ஒன்றல்ல. பிறகு சராசரியாக இரண்டு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்ததில் 15 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது.

இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் உறுத்தும். ஆய்வகமும் உமிழ்நீர் அளவீடும் சேர்ந்து சொன்னது, சாறு வாயின் திசுவில் நேரடியாகப் பட்டால்தான் போதிய அளவு கிடைக்கும் என்று. கொடுத்ததோ கேப்சூல். வாயைத் தொடாமலே தொண்டைக்குள் போய், ஒரு மைக்ரோமோலாருக்கே திணறும் ரத்தத்தின் வழியாகச் சுற்றி வந்து வாயை எட்ட வேண்டும். கேப்சூலுக்கு நியாயமான காரணங்கள் உண்டு: அளவைத் துல்லியமாக வைக்கலாம், பிளசிபோவை வித்தியாசம் தெரியாமல் செய்யலாம். சாறு பூசினால் கசப்பிலேயே நோயாளிக்குத் தெரிந்துவிடும்.

பூசும் வடிவம் முடியாத காரியமும் அல்ல. பச்சைத் தேயிலைக் கேட்டச்சின்களைக் கொண்ட சினிகேட்டச்சின்ஸ் என்ற களிம்புக்கு அமெரிக்க மருந்து ஆணையம் 2006-இல் அனுமதி கொடுத்தது. பிறப்புறுப்பைச் சுற்றி வரும் மருக்களுக்கான மருந்து அது. ஒவ்வொரு தொகுதியிலும் கேட்டச்சின் அளவு ஒன்றுபோல இருக்கும்படி ஒரு தாவரச் சாற்றைத் தயாரிக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது. தோலில் ஒட்டி நிற்கும் களிம்பை, நொடிக்கு நொடி உமிழ்நீர் கழுவும் நாக்கின் ஓரத்தில் அரை மணி நேரம் எப்படி நிறுத்திவைப்பது என்பதுதான் மிச்சம். அதற்குத் தேவை இன்னொரு ஐசி50 அல்ல, ஈரத்தில் ஒட்டும் ஒரு நல்ல பசை.